கருவுக்கு எதுவும் தெரியக்கூடாது: நீட்டிக்கக்கூடிய ஒரு ரன்டைமைக் கட்டிப் பார்ப்போம்

சேவைக் கூறுகளை ஓட்டும் ஒரு ரன்டைமின், அதாவது நாம் எழுதிய நிரலை ஓட்டித் தரும் அடித்தள மென்பொருளின், மூலநிரலை முதல்முறை திறப்பவர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இதில் வேலை எங்கே நடக்கிறது?” எங்கு பார்த்தாலும் இன்டர்ஃபேஸ்கள்: என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லும், எப்படி என்று சொல்லாது. ஃபேக்டரி, ப்ரொவைடர், ரெஜிஸ்ட்ரி, ரிசால்வர் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். ஒரு மெத்தடைப் பிடித்துக்கொண்டு போனால் அது இன்னொரு இன்டர்ஃபேஸில் போய் முட்டும். அதைச் செயல்படுத்தும் கிளாஸ் அந்தத் தொகுதியிலேயே இருக்காது. நானும் இப்படி இரண்டு வாரம் முட்டிக்கொண்டிருந்தேன். பிறகு படிப்பதை நிறுத்திவிட்டு, அதே அச்சில் ஒரு பொம்மை ரன்டைமை நானே எழுத ஆரம்பித்தேன். நாலைந்து நாளில் பெரிய நிரல் தானாகப் புரிய ஆரம்பித்தது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

மாதிரிக்கு எஸ்சிஏ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வீஸ் காம்பொனென்ட் ஆர்க்கிடெக்சரை எடுத்துக்கொள்வோம். ஐபிஎம், பிஇஏ, ஆரக்கிள், எஸ்ஏபி உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து 2005 நவம்பரில் இதன் முதல் வரைவை அறிவித்தன. 1.0 விவரக்குறிப்பு 2007 மார்ச்சில் வந்தது. அதை ஜாவாவில் நடைமுறைப்படுத்திய அப்பாச்சி டஸ்கனி 2007 செப்டம்பரில் 1.0 வெளியீட்டைத் தந்தது, 2008-இல் முதல்நிலைத் திட்டமானது, 2016-இல் ஓய்வுபெற்றது. ஓய்வுபெற்றதை எதற்குப் படிக்க வேண்டும் என்று தோன்றலாம். இன்று படித்தது நாளைக்கு மாறிவிடாது என்பது ஒரு வசதி. அதைவிட, எதை எதிலிருந்து பிரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்த அளவு தெளிவான விடை தந்த ரன்டைம்கள் அதிகம் இல்லை.

முதல் படி: தாளில் வரையுங்கள்

நிரல் எழுதும் முன் சில சொற்கள் கைவசப்பட வேண்டும். ‘கூறு’ என்பது ஒரு வேலையைச் செய்யும் அலகு. அது வெளியே தருவது ‘சேவை’. அது பிறரிடம் கேட்பது ‘ரெஃபரன்ஸ்’. நான் இதைத் ‘தேவை’ என்றே சொல்லப்போகிறேன். ஒருவரின் தேவையை இன்னொருவரின் சேவையோடு கட்டும் கோடு ‘இணைப்பு’. பல கூறுகளை ஒன்றாகக் கட்டிய மூட்டை ‘தொகுப்பு’. வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்புகள் ‘பண்புகள்’. அவ்வளவுதான்.

நம் பொம்மைக்கு ஒரு நினைவூட்டல் அமைப்பை வைத்துக்கொள்வோம்:

தொகுப்பு: நினைவூட்டல்
  கூறு: நினைவூட்டி
    செயலாக்கம்: ஜாவா
    தேவை: அனுப்புநர் → செய்தியனுப்பி
    பண்பு: முன்கூட்டிய நிமிடங்கள் = 30
  கூறு: செய்தியனுப்பி
    செயலாக்கம்: ஸ்கிரிப்ட்
    சேவை: அனுப்பு
      பைண்டிங்: வலைச்சேவை

இதில் ‘செயலாக்கம்’, ‘பைண்டிங்’ என்ற இரண்டு சொற்களைச் சுற்றி வட்டம் போடுங்கள். கூறு எந்த மொழியில், எந்த முறையில் எழுதப்பட்டது என்பது செயலாக்கம். அதை எந்த வழியாக அழைக்கிறார்கள் என்பது பைண்டிங்: சோப் (SOAP) என்ற வலைச்சேவை நெறிமுறையா, செய்தி வரிசையா, ஒரே செயல்முறைக்குள் நேரடி அழைப்பா என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று அறியாமல் இருப்பதற்காகத்தான் மற்ற எல்லா ஏற்பாடும். 4 செயலாக்க வகைகளும் 5 பைண்டிங்குகளும் இருந்து, ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஒட்டுநிரல் எழுதினால் 20 ஒட்டுநிரல்கள் வேண்டும். இரண்டும் நடுவில் ஒரு பொது வடிவத்தை மட்டும் பேசினால் 9 நீட்சிகள், அதாவது ரன்டைமோடு வெளியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் துண்டுகள், போதும். ஆறாவது பைண்டிங் வரும்போது முதல் வகையில் இன்னும் 4 எழுத வேண்டும், இரண்டாவதில் ஒன்றுதான்.

இரண்டாம் படி: மாதிரிப் பொருள்கள்

மேலே உள்ள தொகுப்புக் கோப்பைப் படித்தால் நினைவகத்தில் என்ன உருவாக வேண்டும்? வெறும் தரவுப் பொருள்கள்: தொகுப்பு, கூறு, சேவை, தேவை, செயலாக்கம், பைண்டிங். அவற்றுக்கு கெட்டர், செட்டர் போதும். ‘தொடங்கு’ என்ற மெத்தடை இங்கே வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். இதே மாதிரியை நாளைக்கு ஒரு எடிட்டர் படிக்கும், ஒரு சரிபார்ப்புக் கருவி படிக்கும். அவை எதையும் ஓட்டப் போவதில்லை.

புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடமும் இங்கேதான் இருக்கிறது. படிப்பதும், பெயர்களுக்கு உரிய பொருளைத் தேடிப் பிடிப்பதும் இரண்டு தனிச் சுற்றுகளாக நடக்க வேண்டும். ‘நினைவூட்டி’யைப் படிக்கும்போது ‘செய்தியனுப்பி’ இன்னும் படிக்கப்பட்டிருக்காது; வேறு கோப்பில், வேறு ஜாரில்கூட (ஜாவா நிரல்களைக் கட்டித் தரும் கோப்பு) இருக்கலாம். அதனால் முதல் சுற்றில் பெயரை மட்டும் எழுதி, ‘இன்னும் தீர்க்கப்படவில்லை’ என்று குறித்து வையுங்கள். எல்லாவற்றையும் படித்த பிறகு இரண்டாம் சுற்றில் பெயர்களை உண்மையான பொருள்களாக மாற்றுங்கள். டஸ்கனியின் ஒவ்வொரு கோப்புப் படிப்பானிலும் ‘ரீட்’, ‘ரிசால்வ்’ என்று இரண்டு மெத்தடுகள் தனித்தனியே இருப்பதற்குக் காரணம் இதுதான். நான் ஆரம்பத்தில் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டு, கோப்புகளைச் சரியான வரிசையில் படித்தால் போதும் என்று சமாளித்தேன். ஒன்றை ஒன்று குறிக்கும் இரண்டு தொகுப்புகள் வந்ததும் ‘சரியான வரிசை’ என்று ஒன்றே இல்லாமல் போயிற்று.

மூன்றாம் படி: கரு

இப்போது ரன்டைமின் கருவை, அதாவது மற்ற எல்லாம் வந்து ஒட்டும் மையப் பகுதியை, எழுதலாம். இது ஏமாற்றம் தரும் அளவுக்குச் சிறியது: ஒரு மேப். சாவி, ஒரு இன்டர்ஃபேஸ் வகை. மதிப்பு, அதற்குரிய பொருள். “கோப்புப் படிப்பான்களின் பட்டியலைக் கொடு” என்றால் கொடுக்கும். “பைண்டிங் ப்ரொவைடர் ஃபேக்டரிகளைக் கொடு” என்றால் கொடுக்கும். டஸ்கனியில் இதன் பெயர் எக்ஸ்டென்ஷன் பாயிண்ட் ரெஜிஸ்ட்ரி. நீட்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்களே எக்ஸ்டென்ஷன் பாயிண்ட்டுகள். தமிழில் நீட்சிப்புள்ளிகள் என்போம்.

கருவுக்கு ஜாவா கிளாஸ் ஒன்றை எப்படிக் கூறாக்குவது என்று தெரியக்கூடாது. சோப் தெரியக்கூடாது. தொகுப்புக் கோப்பு எக்ஸ்எம்எல்லில் இருக்கிறது என்பதும்கூட, படிப்பான்களுக்குத் தெரிந்தால் போதும். ஜாவா செயலாக்கம் எப்படியும் எல்லோருக்கும் வேண்டும், அதைக் கருவிலேயே வைத்துவிட்டால் என்ன என்று ஒரு நாள் நிச்சயம் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால், ஜாவா நுழைவது ஒரு வாசலாகவும் மற்ற வகைகள் நுழைவது இன்னொரு வாசலாகவும் ஆகிவிடும். இரண்டாவது வாசலை நீங்களே பயன்படுத்தாததால், அதில் உள்ள குறை உங்களுக்குத் தெரியாது. நீட்சி எழுத வரும் வெளியாள்தான் இடித்துக்கொள்வார்.

நீட்சிகள் இருப்பது கருவுக்கு எப்படித் தெரியும்? ஜாவா உலகில் பழைய, நல்ல வழி ஒன்று உண்டு. ஜாரின் உள்ளே மெட்டா-இன்ஃப் கோப்புறையில், சர்வீசஸ் என்ற உட்கோப்புறையில், இன்டர்ஃபேஸின் பெயரில் ஒரு உரைக்கோப்பு. அதற்குள் அதைச் செயல்படுத்தும் கிளாஸின் பெயர். 2006 டிசம்பரில் வந்த ஜாவா 6 இதற்கென்றே சர்வீஸ்லோடர் என்ற கிளாஸைத் தந்தது. 2017-இல் வந்த ஜாவா 9 இதே அறிவிப்பை மாட்யூல் விவரத்துக்குள்ளும் எழுத வழிசெய்தது.

டஸ்கனி இதில் செய்த ஒரு சின்னத் தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும். உரைக்கோப்பில் கிளாஸ் பெயருக்குப் பக்கத்திலேயே, அந்தப் படிப்பான் எந்த எக்ஸ்எம்எல் உறுப்பைப் படிக்கும், எந்த மாதிரிப் பொருளைத் தரும் என்பதையும் எழுதி வைத்தார்கள். அதனால் ரன்டைம் எழும்போது எந்த நீட்சியின் கிளாஸையும் ஏற்றத் தேவையில்லை. தொகுப்புக் கோப்பில் அந்த உறுப்பு கண்ணில் பட்ட பிறகு ஏற்றினால் போதும். நாற்பது நீட்சிகளைக் கிளாஸ்பாத்தில் (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) போட்டுவிட்டு மூன்றை மட்டும் பயன்படுத்துபவர், மீதி முப்பத்தேழுக்கும் சேர்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: முதல் செயலாக்க நீட்சி

ஒரு செயலாக்க வகையைச் சேர்க்க மூன்று துண்டுகள் வேண்டும். மாதிரிப் பொருள் ஒன்று (‘ஜாவா செயலாக்கம்: கிளாஸின் பெயர் இது’). அதைக் கோப்பிலிருந்து படிக்கும் படிப்பான் ஒன்று. ஓடும் நேரத்தில் வேலை செய்யும் ப்ரொவைடர் ஒன்று.

ப்ரொவைடரிடம் கரு கேட்பது மிகக் குறைவு: தொடங்கு, நிறுத்து, ‘இந்தச் செயலுக்கு ஓர் இன்வோக்கர் கொடு’. இன்வோக்கர் என்பது ஒரே ஒரு மெத்தட் உள்ள பொருள். செய்தி ஒன்றை வாங்கும், செய்தி ஒன்றைத் திருப்பித் தரும். ஜாவா வகையின் இன்வோக்கர் உள்ளே ரிஃப்ளெக்‌ஷன் மூலம், அதாவது ஓடும் நேரத்தில் பெயரை வைத்துத் தேடி, மெத்தடை அழைக்கும். ஸ்கிரிப்ட் வகையின் இன்வோக்கர் ஸ்கிரிப்ட் எஞ்சினை அழைக்கும். வெளியே நிற்பவருக்கு இரண்டும் ஒன்றே. முதல் படியில் சொன்ன பொது வடிவம் இதுதான்.

கூறின் தேவைகளை உள்ளே செலுத்துவதும் ப்ரொவைடரின் பொறுப்பு. ‘அனுப்புநர்’ என்ற ஃபீல்டில் உண்மையான செய்தியனுப்பியை வைக்கக்கூடாது. அதே இன்டர்ஃபேஸைப் போர்த்திக்கொண்ட ஒரு ப்ராக்ஸியை வையுங்கள். ஜாவா 1.3 காலத்திலிருந்தே டைனமிக் ப்ராக்ஸி இருப்பதால் இது சில வரி வேலை. அழைப்பு வந்ததும் ப்ராக்ஸி அதைச் செய்தியாக மாற்றி இணைப்பிடம் கொடுக்கும்.

ஐந்தாம் படி: பைண்டிங்

பைண்டிங் நீட்சியும் இதே அச்சுதான், ஆனால் இரண்டு முகம் உண்டு. சேவைப் பக்கத்தில் அது ஒரு காதை வைத்துக் காத்திருக்கிறது: போர்ட்டைத் திறக்கும், வரிசையில் பதிவு செய்யும், வருவதைச் செய்தியாக்கி உள்ளே அனுப்பும். தேவைப் பக்கத்தில் அது ஓர் இன்வோக்கரைத் தருகிறது. வாங்கிய செய்தியை வெளியே அனுப்பிவிட்டு பதிலோடு திரும்பும். இரண்டு முகத்தையும் ஒரே கிளாஸில் அடைக்காதீர்கள். வெளியே மட்டும் அழைக்கும் நிரலில் போர்ட் திறக்கும் நூலகங்கள் எதற்கு?

ஒரே செயல்முறைக்குள் நடக்கும் நேரடி அழைப்பையும் ஒரு பைண்டிங்காகவே எழுதுங்கள். எஸ்சிஏ-வில் இயல்பிருப்பு பைண்டிங் என்று ஒன்று இப்படித்தான் இருக்கிறது.

ஆறாம் படி: இணைப்பு, அதாவது உண்மையான ரன்டைம்

இதுவரை எழுதியவை துண்டுகள். இணைப்பு எழுதும்போதுதான் ரன்டைம் பிறக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒவ்வோர் இணைப்பிலும், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சங்கிலி இருக்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி, பைண்டிங்கோ செயலாக்கமோ தந்த இன்வோக்கர். அதற்கு முன்னால் இன்டர்செப்டர்கள்: பதிவு எழுதுவது, அடையாளம் சரிபார்ப்பது, பரிவர்த்தனை தொடங்குவது, தரவை மாற்றுவது. ஒவ்வொன்றும் செய்தியைத் தொட்டுவிட்டு அடுத்ததிடம் கொடுக்கும். இந்தச் சங்கிலியை ரன்டைம் எழும்போதே கட்டிவிடுங்கள். அழைப்பு வரும்போதெல்லாம் “இதற்கு என்ன பாலிசி?” என்று ரெஜிஸ்ட்ரியைக் கேட்டுக்கொண்டிருந்தால், எல்லாம் சரியாக ஓடும், ஆனால் மெதுவாக ஓடும், ஏன் மெதுவாக ஓடுகிறது என்று ப்ரொஃபைலரிலும் தெளிவாகத் தெரியாது.

பதில் வேண்டாத ஒருவழி அழைப்பு, ஒரு நல்ல பயிற்சி. செய்தி வரிசைக்கு அது இயல்பாகவே வரும். நேரடி அழைப்புக்கு வராது. எனவே பைண்டிங்கிடம் “உனக்கு ஒருவழி தெரியுமா?” என்று கரு ஒரு கேள்வி கேட்கிறது. தெரியாது என்றால், வேலையை வேறொரு த்ரெட்டில் போட்டுவிட்டு உடனே திரும்பும் ஓர் இன்டர்செப்டரைச் சங்கிலியில் செருகுகிறது. எந்தப் பைண்டிங் என்று கருவுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. நீட்சியின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் ‘இஃப்’ ஒன்று கருவில் நுழைந்தால், அங்கே இப்படி ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது தரவு. எஸ்சிஏ-வில் இடைமுகங்கள் இரண்டு வகை. உள்ளூர் இடைமுகத்தில், கொடுக்கும் பொருளே அப்படியே அந்தப் பக்கம் போகும். தொலைவழைப்புக்கு உரியது என்று குறிக்கப்பட்ட இடைமுகத்தில் மதிப்பு மட்டும், அதாவது நகல் மட்டும் போகும். அழைக்கப்படுபவர் அதே செயல்முறைக்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் விதி அதுதான். இப்படிப்பட்ட இடைமுகத்தில் ஒரே பெயரில் இரண்டு மெத்தடுகள் வைக்கவும் அனுமதி இல்லை.

பக்கத்தில் இருப்பவருக்கும் நகலா, வீண் செலவு என்று நினைத்து என் பொம்மையில் நான் அந்த இன்டர்செப்டரை எடுத்துவிட்டேன். பெறுநர் பட்டியலை வாங்கிய செய்தியனுப்பி, அனுப்பி முடித்த ஒவ்வொருவரையும் அதே பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டே போனது. நினைவூட்டி அந்தக் காலிப் பட்டியலைப் பார்த்து ‘எல்லாருக்கும் போய்விட்டது’ என்று முடிவெடுத்தது. நேரடி அழைப்பில் சோதனைகள் எல்லாம் பச்சை. பைண்டிங்கை மட்டும் வலைச்சேவைக்கு மாற்றினேன்; கூறுகளின் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பட்டியல் காலியாகவே இல்லை, நினைவூட்டி ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. பைண்டிங்கை மாற்றினால் நடத்தை மாறக்கூடாது என்ற வாக்குறுதியை, ஒரு நகலை மிச்சம் பிடிக்கப்போய் உடைத்திருந்தேன். நகல் வேண்டாம் என்று இரு பக்கமும் வெளிப்படையாகச் சம்மதித்தால் மட்டும் அதைத் தவிர்க்கலாம். எஸ்சிஏ-வில் அதற்கென்று ஒரு அனோட்டேஷன் உண்டு.

நகல் எடுப்பதோடு வடிவமாற்றமும் சேர்ந்து வரும். ஒருவர் ஜாவா பொருளைத் தருவார், மற்றவர் எக்ஸ்எம்எல் மரத்தைக் கேட்பார், மூன்றாமவர் ஓடையைக் கேட்பார். 6 வடிவங்கள் இருந்தால், எதையும் எதுவாகவும் நேரடியாக மாற்ற 30 மாற்றிகள் வேண்டும். டஸ்கனி இதை ஒரு வரைபடமாகப் பார்த்தது: வடிவங்கள் முனைகள், மாற்றிகள் எடையுள்ள கோடுகள். இருக்கும் மாற்றிகளைக் கோத்து, எடை மிகக் குறைந்த பாதையை ரன்டைமே கண்டுபிடிக்கும். புதிய வடிவத்தைச் சேர்ப்பவர், ஏற்கெனவே உள்ள ஒன்றிலிருந்து போகவும் வரவும் இரண்டு மாற்றிகள் எழுதினால் மற்ற எல்லாவற்றோடும் பேசலாம். பொம்மையில் இதை எழுதிப் பாருங்கள். எடை குறைந்த பாதையைத் தேடக் கல்லூரியில் படித்த டைக்ஸ்ட்ரா அல்காரிதம் ஒருவழியாகப் பயன்படும்.

ஏழாம் படி: எழுப்புவதும் நிறுத்துவதும்

வரிசை இது: படி, தீர், கட்டு, தொடங்கு. ‘கட்டு’ என்பதில் இணைப்புகளும் சங்கிலிகளும் உருவாகும். தொடங்குவதற்கு முந்தைய மூன்று கட்டத்திலும் முதல் பிழையிலேயே எக்செப்ஷன் வீசி நின்றுவிடாதீர்கள். பிழைகளை ஒரு பட்டியலில் சேர்த்து மொத்தமாகச் சொல்லுங்கள். தொகுப்புக் கோப்பில் ஏழு தவறு செய்தவரை ஏழு முறை ஓட்டவைப்பது கொடுமை.

தொடங்கும்போது செயலாக்கங்களும் தேவைப் பக்கமும் முதலில், சேவைகளின் காதுகள் கடைசியில். நிறுத்தும்போது இதைத் தலைகீழாக்குங்கள்: முதலில் காதுகளை மூடி, உள்ளே வந்துவிட்ட அழைப்புகள் முடியும் வரை பொறுத்து, பிறகு மற்றவை. ஐந்தாவது கூறு தொடங்கத் தவறினால், தொடங்கிவிட்ட நான்கையும் நிறுத்துவது உங்கள் வேலை. இல்லாவிட்டால் அடுத்த முறை ஓட்டும்போது ‘போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்ற செய்தி வந்து நிற்கும். இரண்டு கூறுகள் ஒன்றையொன்று தேவையாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். இருவர் கையிலும் இருப்பது ப்ராக்ஸிதான். அது இலக்கை முதல் அழைப்பில் தேடிக்கொள்ளட்டும்.

எட்டாம் படி: கிளாஸ்லோடர்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பட்டால்தான் புரியும். ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயரோடு முடிவதில்லை. அதை ஏற்றிய கிளாஸ்லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். இரண்டு நீட்சிகள் ஒரே நூலகத்தைத் தனித்தனியே கொண்டுவந்தால், ‘ஆர்டர் என்பதை ஆர்டராக மாற்ற முடியாது’ என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு பிழை வரும். எந்த பேக்கேஜை வெளியே தருகிறேன், எதை உள்ளே வாங்குகிறேன் என்று ஒவ்வொரு ஜாரும் அறிவிக்க வேண்டும் என்பதே இதற்கு, ஜாவா மாட்யூல்களுக்குத் தரம் வகுத்த ஓஎஸ்ஜிஐ கூட்டமைப்பு தந்த தீர்வு. அந்தக் கூட்டமைப்பு 1999-இல் தொடங்கியது. நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸ் 2004-இல் தன் 3.0 பதிப்பை ஓஎஸ்ஜிஐ மேல் மாற்றிக் கட்டியது. பொம்மைக்கு ஓஎஸ்ஜிஐ வேண்டாம். ஆனால் பயன்பாடு எழுதுபவர் பார்க்கும் பேக்கேஜ், நீட்சி எழுதுபவர் பார்க்கும் பேக்கேஜ், யாரும் பார்க்கக்கூடாத உள்பேக்கேஜ் என்று மூன்றையும் முதல் நாளே பிரித்து வையுங்கள். பிறகு பிரிப்பது நடக்காத காரியம்.

எத்தனை நீட்சிப்புள்ளிகள் வைக்கலாம்?

நீட்டிக்கும் ருசி கண்டவர்கள் எல்லாவற்றையும் நீட்சிப்புள்ளியாக்கிவிடுவார்கள். எல்லாமே மாற்றத்தக்கது என்றால் எதைத் தொடர்ந்து படிப்பது என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு வாரத் தலைவலி அங்கிருந்துதான் வருகிறது. நான் கடைப்பிடிப்பது இது: கையில் இரண்டு உண்மையான நீட்சிகள் இல்லாமல் ஒரு புள்ளியைத் திறப்பதில்லை. ஒன்றை வைத்து வரைந்த இன்டர்ஃபேஸ் அந்த ஒன்றின் அச்சாகவே இருக்கும். ஒருமுறை திறந்துவிட்ட புள்ளியை வெளியார் பயன்படுத்தத் தொடங்கினால் மூடவும் முடியாது. இந்தக் கணக்கில் நம் பொம்மைக்குத் தேவையானவை ஐந்து: படிப்பான், செயலாக்கம், பைண்டிங், இன்டர்செப்டர், தரவு மாற்றி.

எல்லாம் எழுதி ஓடியதும் ஒரு சோதனை செய்யுங்கள். ஜாவா செயலாக்க நீட்சியின் ஜாரைக் கிளாஸ்பாத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கரு அப்போதும் கம்பைல் ஆக வேண்டும். காலித் தொகுப்பைக் கொடுத்தால் எழுந்து நிற்க வேண்டும். நினைவூட்டல் தொகுப்பைக் கொடுத்தால், ‘ஜாவா என்ற செயலாக்கத்தைப் படிக்கத் தெரிந்த நீட்சி எதுவும் இல்லை’ என்று, கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லாத பொருளைத் தொட்டதால் எழும் நல் பாயிண்டர் எக்செப்ஷன் (NullPointerException) வந்தால், மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்.